பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள்

காலை எட்டரை மணி. உலகின் தென்கோடி ஊரான புன்ட்டா அரேனாஸில், குளிர்கால ஜூலையில் எட்டரை மணி என்றால் நல்ல இருட்டு. யாஸ்னா தன்னிடமிருந்த சாவியால் அப்பா வீட்டுக் கதவைத் திறந்தபோது, உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

ரோசமெல் சமையலறைத் தொட்டியருகே நின்றுகொண்டு, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்துப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். காலில் மட்டும் ஒன்றுமில்லை. மகளைப் பார்த்ததும் குவளையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"தாகமா இருக்கு" என்றார், தப்பு செய்து பிடிபட்டவர்போல.

அவருக்குத் தாகம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தாகம், அப்புறம் பசியின்மை, அப்புறம் மறதி. போன வியாழக்கிழமை அவர் வீட்டுச் செருப்போடு, கோட்டுகூட இல்லாமல் பனியில் கல்லறைத் தோட்டம்வரை நடந்தே போய்விட்டார். அங்கே சைப்ரஸ் மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "டனிட்சா, கடைசி பஸ் போயிடும், வா" என்று மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். டனிட்சா போன ஆகஸ்டிலேயே நிமோனியாவில் போய்ச் சேர்ந்தவள். அங்கிருந்த காவலாளி மகன் மிர்க்கோவுக்குப் போன் செய்தான். அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் அப்பாவுக்குக் கம்பளியைப் போர்த்திய கையோடு கல்லறைத் தோட்ட வாசலிலேயே சண்டையும் போட்டுக்கொண்டார்கள்.

அப்பாவை இனித் தனியாக விடமுடியாது, முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது என்று மிர்க்கோ சொன்னான். யாஸ்னா அதற்குச் சொன்ன பதில் இன்னும் இருவர் காதிலும் இருக்கிறது.

"பெத்தவரைத் தள்ளிவிட இடம் தேடுறே. ஞாயித்துக்கிழமை தவறாம வந்து மருந்து குடுத்துப் பாத்துக்கறது நான். நீ டயர் கடையில உக்காந்து தீர்ப்பு சொல்றே."

மிர்க்கோ சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு, எந்த நாள் என்று மட்டும் சொல்லி அனுப்பினான். அந்த நாள்தான் இன்று. பதினோரு மணிக்கு டாக்டர் பார்ப்பார். தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இவரால் முடியாது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால், வெள்ளிக்கிழமை அப்பா இல்லத்துக்குப் போகவேண்டும். இந்த வீட்டைப் பூட்டவேண்டும். டனிட்சா தைத்த திரைச்சீலைகள் ஜன்னலில் தொங்கியபடியே கிடக்கும்.

யாஸ்னா அப்பாவை உட்காரவைத்து, காலுறை மாட்டிவிட்டாள். ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். மாத்தே டீயைக்கூட இரண்டு உறிஞ்சலுக்குமேல் தொடவில்லை. காலையில் மாத்தே குடிக்காத ரோசமெல்லை இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?" என்று கேட்டார்.

"செவ்வாய்க்கிழமைப்பா."

"அப்ப ஏன் வந்தே?"

அவள் பேச்சை மாற்றி, மருந்துகளை எடுக்கப் படுக்கையறைக்குப் போனாள். அவர் சாப்பிடுகிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

மருந்து விஷயத்தில் யாஸ்னாவை யாரும் குறை சொல்லமுடியாது. அம்மாவின் இருமலை வெறும் சளி என்று நினைத்து ஒரு வாரம் விட்டவள் அவள். அந்த ஒரு வாரத்துக்காக அவள் தன்னை மன்னித்ததே இல்லை. இந்தக் குளிர்காலத்தில் அப்பாவிடம் ஒரு தும்மல்கூட நெருங்கக்கூடாது என்று நெஞ்சுக்குள் சத்தியம் செய்திருந்தாள். வெயில் தருகிற வைட்டமின் டி என்றால் அந்த ஊரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. சூரியன் பத்து மணிக்கு எட்டிப் பார்த்து ஐந்தரைக்கு ஓடிவிடுகிற ஊர். பிள்ளையாக இருந்தபோது அந்த வைட்டமினைச் சொட்டுச் சொட்டாகக் குடித்து வளர்ந்தவர்கள் எல்லோரும். போன குளிர்காலத்துச் சாவுகளுக்குப் பிறகு, ரொட்டிக்கடை வரிசையில் நிற்பவர்கள்கூட நோய் எதிர்ப்புச் சக்தியைப் பற்றித்தான் பேசினார்கள்.

மார்ச்சில் சுகாதார நிலையத்தில் அப்பாவுக்கு அந்த வைட்டமினில் ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், வாரத்துக்கு ஒன்று. மே மாதம் அது ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. டயர் வாங்க எல்லை தாண்டி அர்ஜென்டினாவின் காயேகோஸுக்கு மாதம் இருமுறை போகிறவன் மிர்க்கோ. போகிறவனிடம் மாவு, எண்ணெய், சோப்புத்தூள் என்று சொந்தமெல்லாம் சீட்டுக் கொடுக்கும். யாஸ்னா வைட்டமின் டி என்று எழுதிக் கொடுத்தாள். பழுப்புக் கண்ணாடிக் குப்பிகளாகப் பன்னிரண்டு வந்தன, ஒவ்வொன்றும் தனித்தனிச் சின்னப் பெட்டியில். மாத்திரைக்குப் பதில் குப்பி, அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள். அதே வைட்டமின், அதே ஞாயிற்றுக்கிழமை.

நண்டுத் தொழிற்சாலையில் வேலை முடிந்து, கை நாற்றம் போகக் கழுவி, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வருவாள். பெட்டியைப் பிரித்து மேசையில் போட்டுவிட்டு, குப்பியின் கழுத்தை உடைத்து, ரொட்டித் துண்டில் ஊற்றிச் சர்க்கரை தூவிக் கொடுப்பாள். அம்மா அப்படித்தான் கொடுப்பாள். அப்பா மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார். பிறகு இருவரும் சீட்டாடுவார்கள்.

இன்று கட்டிலருகே இருந்த இழுப்பறையில் இரத்த அழுத்த மாத்திரை இருந்தது. மூட்டுவலித் தைலம் இருந்தது. அதற்கும் அடியில், தட்டையாக மடித்து நூலால் கட்டிய ஒரு சின்னக் கட்டு இருந்தது. அவள் மேசையில் பிரித்துப் போட்ட குப்பிப் பெட்டிகள்தான். ரோசமெல் முப்பத்தோரு வருடம் கம்பளிக் கிடங்கில் பொறுப்பாளராக இருந்தவர். எதையும் தூக்கிப்போடமாட்டார்.

யாஸ்னா நூலை அவிழ்த்தாள். பதினோரு பெட்டி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் தேதி எழுதியிருந்தது, எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். முதல் பெட்டியில் கிடங்குக்காரரின் நேரான கையெழுத்து. ஆறாவது பெட்டியில் எழுத்து சாய்ந்திருந்தது. ஒன்பதாவதில் மாதத்தை இரண்டு முறை எழுதியிருந்தார். கடைசிப் பெட்டியில் ஒரு கோடும் கிறுக்கலும்தான் இருந்தன.

அவள் பெட்டியைத் திருப்பினாள். இத்தனை நாள் திருப்பிப் பார்க்காத பக்கம் அது. மூன்று லட்சம் அலகு என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மருத்துவர் மேற்பார்வையில்.

பழைய மாத்திரையின் காலி அட்டை இன்னும் இழுப்பறையில் கிடந்தது. அதில் பத்தாயிரம் என்றிருந்தது.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு குப்பி என்றால் முப்பது மாத்திரை. அந்தக் கணக்கைத் தாண்டி அவள் மனம் நகர மறுத்தது. அடுத்த அறையில் மறுபடி குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தாகம், பசியின்மை, மறதி. ஒவ்வொன்றையும் அவள் கையால் ரொட்டியில் ஊற்றிச் சர்க்கரை தூவிக் கொடுத்திருக்கிறாள்.

இன்னொன்றும் உறுத்தியது. அப்பா எதையும் படிக்காமல் விடுகிறவர் அல்ல. ஜாம் புட்டி, தீப்பெட்டி, சோப்பு உறை, எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படிப்பார். "உப்புல உப்பு இருக்குன்னு படிச்சுச் சொல்ல எனக்கு ஒரு ஆள்" என்று அம்மா கேலி செய்வாள். அப்படிப்பட்டவர் இதை எப்படிப் படிக்காமல் விட்டார்?

வாசலில் மிர்க்கோவின் வண்டி ஹாரன் அடித்தது. யாஸ்னா மாத்திரைகளையும் தைலத்தையும் பையில் போட்டாள். பெட்டிக் கட்டைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அல்லது நன்றாகவே தெரியும்.

வண்டியில் அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார். காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளியது. அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடலாம் என்று அவள் மூன்று முறை வாயெடுத்தாள். கல்லறை வாசலில் தான் பேசிய பேச்சு ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து மருந்து கொடுக்கிறவள்.

டாக்டர் அராவெனாவுக்கு முப்பது வயதுக்குமேல் இருக்காது. வடக்கேயிருந்து வந்த பெண். குளிருக்குப் பயந்து அறைக்குள்ளேயும் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோசமெல்லிடம் மரியாதையாகப் பேசினாள். இது என்ன மாதம் என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, ஆட்டுக் கம்பளி கத்தரிக்கிற மாதம் என்றார். அது டிசம்பர். இது என்ன இடம் என்றதற்குக் கிடங்கு அலுவலகம் என்றார். கடிகாரம் வரையச் சொன்னபோது, வட்டம் போட்டு எண்களை எல்லாம் ஒரே பக்கமாக அடுக்கினார். மிர்க்கோ தலையைத் திருப்பிக்கொண்டான்.

மேசையில் இல்லத்துக்கு வேண்டிய அந்தக் காகிதம் இருந்தது. டாக்டர் பேனாவை எடுத்தாள்.

பேசாமல் இருந்தால் போதும் என்று யாஸ்னாவுக்குத் தோன்றியது. குப்பியை இன்றோடு நிறுத்திவிடலாம். யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு வயது எழுபத்தொன்று. மறதி வருகிற வயதுதான் என்று ஊர் சொல்லும், அண்ணன் சொல்வான், அவளும் கூடச் சேர்ந்து அழலாம்.

டாக்டர் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். இது தவிர வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா, வைட்டமின், கஷாயம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது என்று கேட்டாள்.

மிர்க்கோதான் பதில் சொன்னான். "வைட்டமினெல்லாம் என் தங்கச்சி தவறாம குடுப்பா டாக்டர். அதுல அவளைக் குறை சொல்ல முடியாது."

அவன் குரலில் குத்தல் இல்லை. ஐந்து நாள் சண்டைக்குப் பிறகும், அந்நிய மனுஷி முன்னால் தங்கையை விட்டுக்கொடுக்காமல் பேசினான். அதைத்தான் யாஸ்னாவால் தாங்கமுடியவில்லை.

அவள் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"வாரா வாரம் குடுத்தேன் டாக்டர். பதினோரு வாரம். மூணு மாசத்துக்கு ஒண்ணுதான் குடுக்கணும்னு இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன்." நிறுத்தினாள். முடிந்துவிடவில்லை. "வீட்லயே பாத்துட்டேன். பையில போடாம என் கோட்டுல வச்சிருந்தேன்."

டாக்டர் பெட்டிகளைத் தேதி வரிசைப்படி மேசையில் பரப்பினாள். முதல் பெட்டியின் எழுத்தையும் கடைசிப் பெட்டியின் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விகள் வேறு. தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார், ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் போகிறார், மலச்சிக்கல் உண்டா, சாப்பாடு எப்போது குறைந்தது, வாந்தி உண்டா. யாஸ்னாவுக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது. எல்லாம் ஜூனிலிருந்து.

"இந்த ஊர்ல இது தேவைதான். நானே சாப்பிடறேன்" என்றாள் டாக்டர். "ஆனா உடம்பு இதை வெளிய தள்ளாது, சேத்து வச்சுக்கும். அளவு மீறினா ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து ஏறும். மூளை மந்தமாகும், சிறுநீரகம் கெடும். இப்போ நான் எதிலயும் கையெழுத்துப் போடமாட்டேன். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் போன் பண்ணிச் சொல்றேன்."

யாஸ்னா அண்ணனைப் பார்க்கத் துணியவில்லை. அவன் கடைசிப் பெட்டியைக் கையில் எடுத்து, விரலால் தடவிக்கொண்டிருந்தான். திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும்.

"கடையில ரெண்டு மூணு விதம் காட்டுனாங்க" என்றான் மிர்க்கோ, அவளிடம் இல்லை, பெட்டியிடம். "இருக்கறதுலயே பலமானதாக் குடுங்கன்னு கேட்டு வாங்குனது நான்தான். அம்மா மாதிரி இவரும் போயிடக் கூடாதுன்னு."

அவ்வளவு பெரிய உடம்புக்காரன், முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ரோசமெல் மகனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பரப்பியிருந்த பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக நேராக அடுக்கிவைத்தார்.

மதியம் நான்கு மணிக்கு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் பயந்தபடியேதான் இருந்தது. ரோசமெல்லின் கையில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பால், பாலாடைக்கட்டி எதுவும் கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் எழுதி ஒட்டினார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் இருவரையும் நடையில் நிறுத்திப் பேசினார். தெளிவு திரும்பும் என்றுதான் நம்புகிறேன், ஆனால் உள்ளே சேர்ந்தது கரைய வாரக்கணக்கில் ஆகும் என்றார். சிறுநீரகத்தைப் பற்றி யாஸ்னா இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அவர், நாளை மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அந்தக் குரல் அவளுக்குப் பழக்கமானது. போன ஆகஸ்டில் அம்மாவைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள்.

மிர்க்கோவின் போன் அடித்தது. முதியோர் இல்லத்திலிருந்து. கட்டில் வேண்டுமா வேண்டாமா என்று நாளை மதியத்துக்குள் சொல்லவேண்டும், வேறு குடும்பம் காத்திருக்கிறது என்றார்கள். அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு தங்கையைப் பார்த்தான். போன வாரம் என்றால் அவனே முடிவு செய்திருப்பான்.

"என்ன சொல்லட்டும்?" என்றான்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். யார் பார்த்துக்கொள்வது என்று மனசே திருப்பிக் கேட்டது. நானா? இதோ வருகிறேன் என்று கையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

ரோசமெல் கண்ணை மூடியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, ஊரை ஒட்டிய கடல் நீரிணைக்குமேல் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. தலைமாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தை அவள் சரிசெய்தபோது, கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்.

"அதைப் படிச்சிட்டேன். பால் கூடாது."

"ஆமாப்பா."

"பெட்டியையும் படிச்சேன்." வார்த்தையைத் தேடிப் பிடித்துச் சொன்னார். "மொத நாளே படிச்சேன். மூணு மாசத்துக்கு ஒண்ணு."

யாஸ்னா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஏன்பா சொல்லவில்லை என்று கேட்டாள். கேட்டது வெளியே வந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"வெயில்தானே, கூடக் கொஞ்சம் குடிச்சா என்னன்னு நெனச்சேன்." கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் இன்றைக்கு முதல்முறையாகத் தெளிவு இருந்தது. "சொன்னா நீ மூணு மாசத்துக்கு ஒரு தரம்தானே வருவே."

அவர் சொன்னது பொய் இல்லை. அந்தக் குப்பிகள் வருவதற்கு முன்னால் அவள் மாதக்கணக்கில் போனில் மட்டும்தான் நலம் விசாரித்தாள். வாரத்து மாத்திரையைக்கூட அப்பாவே எடுத்துப் போட்டுக்கொண்டார். குப்பியின் கழுத்தை உடைக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

ரோசமெல் ஊசி குத்தாத கையை நீட்டி, அவள் கோட்டு நுனியைப் பிடித்தார்.

"இனிமே மருந்து கிடையாது, இல்லியா?"

"கிடையாதுப்பா."

"அப்ப ஞாயித்துக்கிழமை வருவியா?"